சக்கரத்தை மடக்கலாமா, வேண்டாமா?
ஒரு விமானக் கேள்வியிலிருந்து ஓர் அறிவியல் பாடம்

எட்டாம் வகுப்பில் உராய்வு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பாய்மங்களின் உராய்வை விளக்குவதற்காகச் சில விமானப் படங்களைக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், பெரிய விமானமெல்லாம் மேலே போனதும் சக்கரத்த உள்ள இழுத்துக்குது. இந்தச் சின்ன விமானம் மட்டும் ஏன் சார் தொங்கவிட்டுக்கிட்டே பறக்குது?"

"அது பழைய மாடல் விமானம்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்று மாலை அந்தப் படத்தில் இருந்த விமானத்தைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் என் விடை தவறு என்று தெரிந்தது. அது பழைய விமானம் அல்ல. ஒருவர் தம் சொந்தக் கொட்டகையில் அண்மைக் காலத்தில் கட்டிய விமானம். சக்கரத்தை மடக்கும் வசதியை வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்த பிறகே அவர் அதை விட்டிருந்தார். மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்தினேன். அந்தத் திருத்தம் இரண்டு பாடவேளைகளுக்கு நீண்டு, ஒரு நல்ல பாடமாக அமைந்தது. அதை ஆசிரியர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டில் கட்டும் விமானம்

அமெரிக்காவில் தனிநபர் ஒருவர் தமக்கான விமானத்தைத் தாமே கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் ஆர்வலர்கள் தாமே செய்திருக்க வேண்டும். இதை 51 விழுக்காடு விதி என்பார்கள். கட்டுவதன் நோக்கம் அவர்களுடைய கல்வியாகவோ பொழுதுபோக்காகவோ மட்டுமே இருக்க வேண்டும். 'கல்வி' என்ற சொல் விமானச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இத்தகைய ஆர்வலர்களுக்கான சங்கம் 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி என்பவரால் தொடங்கப்பட்டது. அதன் ஆண்டுக் கூடுகை 1970 முதல் ஆஷ்காஷ் நகரில் நடந்து வருகிறது. விமானம் கட்டுவோரில் பொறியாளர்கள் மட்டுமல்லாமல் பிற தொழில் செய்பவர்களும் உண்டு. வரைபடம் வாங்கியோ, பாகங்கள் அடங்கிய பெட்டி வாங்கியோ, ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாக உழைத்து ஒரு விமானத்தை முடிக்கிறார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே அவர்கள் விடை காண வேண்டிய கேள்விகளில் ஒன்றுதான் அந்த மாணவி கேட்டது.

தரையில் ஓடவும் இறங்கவும் உதவும் சக்கரம், கால், அதிர்வு தாங்கி ஆகியவை சேர்ந்த அமைப்பை லேண்டிங் கியர் என்கிறோம். இதில் இரு வகை உண்டு. பறக்கும்போது உடலுக்குள் சென்றுவிடுவது மடங்கும் சக்கரம். எப்போதும் வெளியே நிற்பது மடங்காச் சக்கரம்.

மடக்குவதால் என்ன லாபம்?

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வேகம் இரு மடங்கானால் தடை 4 மடங்கு. மூன்று மடங்கானால் 9 மடங்கு. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்துக்கு நேர் விகிதத்தில் உயரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரக் கால் விழுங்கும் திறனைப் போல் 27 மடங்கை, அதே கால் 300 கி.மீ. வேகத்தில் விழுங்கும்.

மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குச் சக்கரம் வெளியே இருப்பது பெரிய சுமையல்ல என்பதும், வேகம் கூடக் கூட அது பாரமாகிறது என்பதும் இதிலிருந்தே புலப்படும். 1920ஆம் ஆண்டிலேயே டேட்டன்-ரைட் என்ற அமெரிக்கப் பந்தய விமானம் மடங்கும் சக்கரத்தோடு வந்துவிட்டது. 1933இல் முதலில் பறந்த சோவியத் போர் விமானமான ஐ-16இல் சக்கரத்தை மேலே இழுக்க விமானி ஒரு கைப்பிடியை 44 முறை சுற்ற வேண்டும். அந்தச் சிரமத்தையும் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வேகத்தின் தேவை இருந்தது.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் வகுப்புக்காக நான் எடுத்துக்கொண்டவை. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் பறக்கும் இருவர் அமரும் விமானம் ஒன்று. அதன் மொத்தக் காற்றுத் தடையில் 10 விழுக்காடு சக்கரத் தொகுதியால் வருகிறது என்போம். சக்கரத்தை முழுமையாக உள்ளே இழுத்துவிட்டால் தடைக் கெழு 0.9 பங்காகக் குறையும். இன்ஜின் திறன் மாறவில்லை. புதிய வேகம் எவ்வளவு?

10 விழுக்காடு கூடி 330 ஆகும் என்றே மாணவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் வேகம் கன மூலத்தைப் பொறுத்தது. 1-ஐ 0.9-ஆல் வகுத்துக் கன மூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.036. புதிய வேகம் 311 கி.மீ. மட்டுமே. 600 கி.மீ. பயணத்துக்கு முன்பு 2 மணி நேரம். இப்போது 1 மணி 56 நிமிடம்.

"நாலு நிமிஷம்தானா சார்?" என்று வகுப்பே கேட்டது. பாடம் உண்மையில் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

அந்த நான்கு நிமிடத்தின் விலை

சக்கரத்தை மடக்க என்னென்ன வேண்டும் என்று மாணவர்களையே பட்டியலிடச் சொன்னேன். மடக்க மோட்டார் அல்லது ஹைட்ராலிக் பம்ப். மடங்கும் இடத்தில் கீல். விரிந்த பின் கால் மறுபடி மடங்காமலிருக்கப் பூட்டு. உள்ளே போனதும் மூடக் கதவு. பூட்டு விழுந்ததைக் காட்டும் விளக்கு. மின்சாரம் போனால் கையால் இறக்க மாற்று வழி. சக்கரம் போய் அமர இறக்கையிலோ உடலிலோ ஒரு குழி. பட்டியல் கரும்பலகையை நிறைத்தது.

ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. எல்லாம் சேர்ந்து 25 கி.கி. கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானப் பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் 0.72 கி.கி. ஆகவே அதே எடைக்கு ஏறத்தாழ 35 லிட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஏற்றியிருக்கலாம். சிறிய விமானம் ஒன்றுக்கு அது சுமார் ஒரு மணி நேரப் பறப்புக்குப் போதும். ஒரு பக்கம் நான்கு நிமிடச் சேமிப்பு. மறுபக்கம் ஒரு மணி நேர எரிபொருள்.

சக்கரக் குழி வேண்டுமானால் இறக்கையின் உள்ளே எரிபொருள் தொட்டிக்கான இடம் குறையலாம். பாரம் தாங்கும் உத்திரத்தைச் சுற்றிக் கூடுதல் பலம் சேர்க்க வேண்டியிருக்கும். கட்டுபவருக்கு மாதக்கணக்கில் வேலை கூடும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் விமானத்தைத் தாங்குகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தை மடக்கி விரித்துச் சோதிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஸ்டீவ் விட்மன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வளைந்த ஸ்பிரிங் எஃகுப் பட்டை ஒன்றையே சக்கரக் காலாக அமைத்துக் காப்புரிமை பெற்றார். கீல் இல்லை, பம்ப் இல்லை, எண்ணெய் இல்லை. பட்டை வளைந்து நிமிர்வதே அதிர்வைத் தாங்கிவிடும். செஸ்னா நிறுவனம் அந்த முறையைப் பெற்றுத் தன் விமானங்களில் பயன்படுத்தியது. ஆஷ்காஷ் விமான நிலையம் இன்று விட்மன் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி

மடக்காமலேயே தடையைக் குறைக்க முடியுமா? முடியும். உருளை வடிவக் கம்பி ஒன்று காற்றில் நின்றால் அதன் பின்னால் சுழல்கள் உருவாகும். தடையின் பெரும்பகுதி அந்தச் சுழல்களால் வருவது. கம்பிக்கு நீர்த்துளி வடிவத்தில் ஓர் உறை போட்டால் காற்று உடையாமல் வழுக்கிப் போகும். தடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் கூடக் குறையலாம். சக்கரத்துக்கும் அதே போல ஃபைபர் கிளாஸ் உறை உண்டு. விமானிகள் அதைச் சக்கரத்தின் கால்சட்டை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இங்கே மாதிரிக் கணக்கை மறுபடி பாருங்கள். உறை இல்லாத சக்கரத் தொகுதி மொத்தத் தடையில் 25 விழுக்காடு என்றால், அதை மடக்கும்போது வேகம் 300இலிருந்து 330 ஆகும், 600 கி.மீ. பயணத்தில் 11 நிமிடம் மிச்சம். நல்ல உறை போட்டு அந்தப் பங்கை 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், மடக்குவதால் கிடைக்கக்கூடிய லாபத்தில் பெரும்பகுதி மடக்காமலேயே கிடைத்துவிடுகிறது. மடக்குவதற்கு மிஞ்சி நிற்பது அந்த நான்கு நிமிடம்தான்.

மூன்று அனுபவங்கள்

ஓரெகன் மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1971இல் ஆர்வி-3 என்ற சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அதைத் தொடர்ந்து வந்த ஆர்வி வரிசை விமானங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஆர்வலர்கள் கட்டி முடித்துப் பறந்திருக்கிறார்கள். அவற்றில் சில மணிக்கு 320 கி.மீ.க்கு மேல் செல்லக்கூடியவை. ஆனாலும் அந்த வரிசை முழுவதும் மடங்காச் சக்கரம்தான். குறைந்த எடை, எளிய அமைப்பு, நல்ல உறை என்பதே அவருடைய வழி.

கலிபோர்னியாவின் மொஹாவியில் பணியாற்றிய பர்ட் ரூட்டன் 1979இல் பறக்கவிட்ட லாங்-ஈஸீ விமானத்தில் பாதி வழி எடுத்தார். பின் சக்கரங்கள் இரண்டும் மடங்காதவை. அவற்றின் கால் ஃபைபர் கிளாஸால் ஆன ஒரே வில். முன்சக்கரம் மட்டும் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே போகும். இதில் இன்னொரு பயனும் உண்டு. இன்ஜின் பின்புறம் இருப்பதால் விமானி இறங்கியதும் விமானம் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆகவே நிறுத்தும்போது முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி, மண்டியிட்டது போல வைப்பார்கள். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பெங்களூருவின் என்.ஏ.எல். ஆய்வகம் 1980களில் இந்த வடிவமைப்பை அடியொற்றி ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டியது. அதே ஆய்வகம் பின்னர் உருவாக்கிய ஹன்சா பயிற்சி விமானமும் மடங்காச் சக்கரம் கொண்டதே.

அதே ரூட்டன் வடிவமைத்த வாயேஜர் விமானத்திலோ சக்கரங்கள் மடங்கின. 1986 டிசம்பர் 14 முதல் 23 வரை, எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் அது உலகைச் சுற்றி வந்தது. புறப்படும்போது அதன் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் எரிபொருள். 40,000 கி.மீ. தூரம் போக வேண்டிய விமானத்துக்குக் கணக்கே வேறு. ஒன்பது நாள் தொடர்ந்து இழுக்கும் தடையை ஒப்பிட்டால் மடக்கும் கருவியின் எடை சிறிது.

மூன்றாவது அனுபவம் ஆலன், டேல் கிளாப்மையர் சகோதரர்களுடையது. அவர்கள் ஆர்வலர்களுக்காக முதலில் உருவாக்கிய விகே-30 விமானத்தில் மடங்கும் சக்கரம் இருந்தது. பிறகு தொழிற்சாலையில் கட்டி விற்பதற்காக உருவாக்கிய சிர்ரஸ் எஸ்ஆர்20, எஸ்ஆர்22 விமானங்களில் மடங்காச் சக்கரத்துக்கு வந்துவிட்டார்கள். எஸ்ஆர்22 மணிக்கு 330 கி.மீ. அளவில் பயணிக்கும். "மடங்காதது பழையது" என்று நான் வகுப்பில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

மடக்கியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. மணிக்கு 480 கி.மீ.க்கு மேல் செல்லும் லான்கேர்-4 போன்ற விமானங்களில் சக்கரத்தை வெளியே விடுவது கட்டுப்படியாகாது. நிலத்திலும் நீரிலும் இறங்கும் விமானங்கள் மெதுவானவையாக இருந்தாலும் அவற்றின் சக்கரம் மடங்க வேண்டும். சக்கரம் நீட்டியபடி நீரில் இறங்கினால் அது நீரில் மாட்டி விமானமே குப்புறக் கவிழும் ஆபத்து உண்டு. வேகத்துக்காக அல்லாமல் உயிர்க் காப்புக்காகச் சக்கரத்தை மடக்கும் இடம் இது.

மறதி என்ற பாகம்

எடை, விலை, வேகம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது மனித மறதி. மடங்கும் சக்கரம் உள்ள விமானத்தில் இறங்கும் முன் சக்கரத்தை இறக்க மறப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்போது விமானம் வயிற்றால் தரையில் உரசும். பெரும்பாலும் விமானி உயிர் தப்பிவிடுவார். ஆனால் புரொப்பல்லர் தரையில் மோதி வளையும். அந்த அதிர்ச்சியால் இன்ஜினை முழுமையாகப் பிரித்துச் சோதிக்க வேண்டிவரும். பல ஆண்டு உழைப்பு சில நொடிகளில் போய்விடும்.

இவர்கள் கவனமில்லாதவர்கள் என்று எண்ண வேண்டாம். இறங்கும் நேரத்தில் வானொலி பேசுகிறது, குறுக்கே இன்னொரு விமானம் வருகிறது, காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. வழக்கமான வரிசை ஒருமுறை கலைந்தால் போதும். அதனால்தான் இன்ஜின் வேகத்தைக் குறைத்தும் சக்கரம் இறங்கவில்லை என்றால் ஒலி எழுப்பும் கருவி உண்டு. மூன்று சக்கரங்களும் பூட்டிக்கொண்டதைக் காட்ட மூன்று பச்சை விளக்குகள் உண்டு. எரிபொருள், சக்கரம், எரிபொருள் கலவை, புரொப்பல்லர், இருக்கைப் பட்டை என்ற வரிசையை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கமும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய விமானத்தை ஓட்ட, பயிற்றுநரிடம் கூடுதல் பயிற்சி பெற்று அவருடைய ஒப்பமும் வாங்க வேண்டும்.

தேர்வில் விடைத்தாளில் பதிவெண் எழுத மறக்கும் நம் மாணவர்களோடு இதை ஒப்பிட்டுப் பேசினேன். "கவனமாக இரு" என்று சொல்வதைவிட, சரிபார்க்கும் பட்டியல் ஒன்றைப் பழக்கமாக்குவதே பயன் தரும் என்று அவர்களுக்கு விளங்கியது.

வகுப்பறைச் செயல்பாடு 1: தடையை அளப்போம்

தேவையானவை: மேசை விசிறி, தடித்த அட்டை, நூல், கோணமானி, களிமண், தராசு.

அட்டையில் மூன்று வடிவங்கள் செய்யுங்கள்: தட்டையான பலகை, உருளை, நீர்த்துளி. காற்றை எதிர்கொள்ளும் அகலமும் உயரமும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். களிமண் சேர்த்து எடையையும் சமமாக்குங்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் இரு நூல்களால் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, கம்பிக்கூடு உள்ள விசிறியின் முன் வையுங்கள். நூல் செங்குத்திலிருந்து எவ்வளவு கோணம் சாய்கிறது என்று கோணமானியால் அளக்கவும். விசிறிக் காற்று சீராக இராது. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பத்தாம் வகுப்பு மாணவர்கள் அந்தக் கோணத்தின் டேன் மதிப்பை எடையோடு பெருக்கினால் தடை விசையே கிடைக்கும்.

அளக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நீர்த்துளியின் எந்தப் பக்கம் காற்றை எதிர்கொள்ள வேண்டும்? கூர்முனை முன்னால் என்றே பலர் சொல்வார்கள். சொன்னபடியே முதலில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு திருப்பி வைத்துப் பார்க்கட்டும். மழுங்கிய பக்கம் முன்னாலும் கூர்முனை பின்னாலும் இருக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். மீனின் உடல் நினைவுக்கு வரும்.

வகுப்பறைச் செயல்பாடு 2: நீங்களே முடிவெடுங்கள்

மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விமானம் கொடுங்கள்.

1. புல்தரையில் இறங்கி ஏறும், மணிக்கு 150 கி.மீ. செல்லும் விமானம்.
2. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் இருவரை 600 கி.மீ. தூரம் கொண்டுசெல்லும் விமானம்.
3. மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் நால்வரை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் விமானம்.
4. ஏரியிலும் ஓடுபாதையிலும் இறங்கும் விமானம்.

மடங்கும் சக்கரமா, மடங்காததா என்று ஒவ்வொரு குழுவும் முடிவெடுத்து, மூன்று காரணங்களும், தாங்கள் இழக்கும் ஒன்றும் சொல்ல வேண்டும். 'இழக்கும் ஒன்று' என்பதைக் கட்டாயமாக்குங்கள். இரண்டாவது விமானத்துக்கு இரு தரப்பிலும் நல்ல வாதம் உண்டு. அதற்கு ஒரே விடை இல்லை. மதிப்பெண்ணை முடிவுக்குக் கொடுக்காமல் காரணத்துக்குக் கொடுக்க வேண்டும்.

தொடக்கநிலை வகுப்புகளில் கணக்கு வேண்டாம். கொக்கும் காகமும் பறப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கொக்கு காலைப் பின்னால் நீட்டி வைத்திருக்கும். காகம் வயிற்றோடு ஒட்டி மடக்கியிருக்கும். காலைத் தொங்கவிட்டபடி நெடுந்தூரம் பறக்கும் பறவையைப் பார்த்தீர்களா என்று கேட்டால் போதும். ஆறு முதல் எட்டு வரை வடிவமும் தடையும். ஒன்பது, பத்தில் வர்க்கம், திறன், திருப்புத்திறன். மேல்நிலையில் கன மூலக் கணக்கு என்று வகுப்புக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம்.

நிறைவாக

இரண்டாம் பாடவேளையின் முடிவில் அதே மாணவியிடம், "நீ கட்டினா எதைத் தேர்ந்தெடுப்பே?" என்று கேட்டேன். "முதல்ல நான் எங்க போகப்போறேன்னு முடிவு பண்ணணும் சார்" என்றாள்.

என் பாடத்திட்டக் குறிப்பேட்டில் நான் எழுதியிருந்த கற்றல் விளைவுகள் எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. புதியது, சிக்கலானது, விலை கூடியது என்பதால் ஒன்று சிறந்ததாகிவிடாது. எதற்காக வேண்டும், அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகே எது சிறந்தது என்று சொல்ல முடியும். கைபேசி வாங்குவதிலும் உயர்கல்விப் பாடப்பிரிவு தேர்ந்தெடுப்பதிலும் நம் மாணவர்களுக்குக் கைகொடுக்கப்போவது இந்தப் பழக்கம்தான்.

மாணவர் கேட்கும் கேள்விக்கு அவசர விடை சொல்லிக் கடந்துபோகும் நாள்கள் நம் எல்லோருக்கும் உண்டு. மறுநாள் திரும்பிப் போய், "நேத்து நான் சொன்னது தப்பு, வாங்க சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வகுப்பு நம்மை அதற்குப் பிறகு இன்னும் கூடுதலாக நம்பும் என்பது என் அனுபவம்.